மச்சானின் கார் கிளம்பவில்லை

மறுபடியும் சாவியைத் திருப்பினான். செல்ஃப் எடுத்தது. எஞ்சின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு சிலிண்டரில் ஒன்றாவது பிடிக்க வேண்டுமே, ஊஹூம். கடைசியில் கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி.

மெக்கானிக் சாவியை விட்டுவிட்டு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

“பெட்ரோல் இருக்கான்னு பாத்தீங்களா மாப்ளே?” என்று ஜன்னலில் குனிந்து கேட்டார் மச்சான்.

இதை அவர் கேட்பது நாலாவது தடவை.

“இருக்கு மச்சான்.”

“இல்ல, சில நேரம் முள்ளு தப்பாக் காட்டும்.”

“டியூபைக் கழட்டி டப்பாவுல பிடிச்சே பாத்துட்டேன். வருது.”

“அப்ப ஏன் ஸ்டார்ட் ஆகல?”

அதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. ஐந்து மணிக்குள் இந்தக் கார் ஓடியாக வேண்டும்.

இதுவரை நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடலாம். மெக்கானிக்கின் மனைவிக்கு, நானூற்று இருபது கிலோமீட்டர் தள்ளி அவளுடைய அண்ணன் இருக்கும் ஊரில், பம்ப் செய்யும் ஆலையில் தரப் பரிசோதகர் வேலை கிடைத்தது. அந்தக் கடிதம் பட்டறை முகவரிக்கு வந்தது. அதை வாங்கிய மெக்கானிக் அவளிடம் கொடுக்கவில்லை. பழைய கேஸ்கெட் அட்டைகளுக்கு நடுவில் செருகி வைத்துவிட்டான். பத்தொன்பது நாள் கழித்து, ஒரு கேஸ்கெட் தேடப்போன அவள் கையிலேயே அது கிடைத்தது. சேர வேண்டிய தேதி தாண்டியிருந்தது. அவள் ஆலைக்குப் போன் செய்து கெஞ்சியதில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஐந்து நாளாக அவள் அவனோடு பேசவில்லை. தங்கையைக் கூட்டிப்போக வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் காரோடு வந்து இறங்கினார். அவர் பூகோள வாத்தியார். பேச்சில் எப்போதும் ஒரு வகுப்பறை நிதானம் இருக்கும்.

கார் தெருவில் திரும்பும்போதே மெக்கானிக்கின் காதில் விழுந்துவிட்டது. டிக், டிக், டிக். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் கேம்ஷாஃப்டில் ஒரு மேடு தேய்ந்து தட்டையாகக் கிடந்தது. வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. அதைத் தேய விட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

“இதோட போனா பாதி வழியில நின்னுடும் மச்சான். மாத்தித் தரேன். ஒரே நாள்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். சத்தியமாக நல்ல எண்ணத்தில். சனிக்கிழமை புதுத் தண்டு வாங்கி வந்தான். இன்று காலை பதினொரு மணிக்கு எல்லாம் மாட்டி முடித்தாயிற்று. ஓடி வந்த கார் இப்போது ஓடவில்லை.

மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

“மாப்ளே, தப்பா நினைக்கக் கூடாது. வண்டி நல்லாத்தானே ஓடி வந்துச்சு?”

“நல்லா ஓடல மச்சான். நீங்க கவனிக்கல.”

“நான் கவனிக்கலைன்னே இருக்கட்டும். ஆனா வந்து சேர்ந்துட்டேன்ல?”

தேய்ந்த தண்டை மேஜையிலிருந்து எடுத்துக் காட்டினான். மச்சான் அதை வரைபடம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு, இரண்டே அறை. இடைக்கதவின் அருகில் இரண்டு பெட்டிகள், ஒரு துணி மூட்டை, ஒரு கூடை. பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியூர் போகிற புடவை, பின்னி முடித்த தலை.

“அண்ணே,” என்றாள், அண்ணனைப் பார்த்தே. “லெட்டர் ஏதாவது வந்துச்சான்னு நான் பத்து தடவை கேட்டேன். பத்து தடவையும் இதே முகத்தோடதான் ‘வரல’ன்னாரு. இப்பவும் அதே முகம். பாத்துக்கோங்க.”

மச்சான் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். மெக்கானிக்குக்குத் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

வாடகைக் காருக்கு அண்ணனும் தங்கையும் காலையிலேயே மூன்று இடத்தில் கேட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவு தூரம், உடனே என்றால் ஒருவரும் வரத் தயாரில்லை. அங்கே போகிற ஒரே பஸ் காலை ஏழு மணிக்கே போய்விட்டது. ஐந்து மணிக்கு மேல் கிளம்பினால் விடிய விடிய ஓட்ட முடியாது என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, இந்தக் கார் கிளம்பாவிட்டால் அவள் வேலை போயிற்று. அவன் வேண்டுமென்றே கெடுத்தான் என்பது அவள் மனதில் கல்வெட்டாகிவிடும். அதற்கப்புறம் அவள் இந்த வீட்டிலேயே இருந்தாலும் இருப்பதாக அர்த்தமில்லை.

கிளம்பினால்? அவள் போய்விடுவாள்.

அதை அவன் யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடாது.

முதலிலிருந்து ஆரம்பித்தான். நாலு பிளக்கையும் கழற்றி, ஒயரோடு இரும்பில் ஒட்டவைத்து, மச்சானைச் சாவி திருப்பச் சொன்னான். நாலிலும் நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. கரண்ட் வருகிறது. பெட்ரோல் வருகிறது. பிறகு என்ன வேண்டும் இந்தச் சனியனுக்கு?

ஒரு பயம் காலையிலிருந்தே உள்ளே கிடந்தது. அதை இப்போது எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். தண்டை மாற்றும்போது, அதை எஞ்சினோடு சேர்த்துச் சுற்றுகிற டைமிங் பெல்ட் இரண்டு மூன்று பல் தள்ளி உட்கார்ந்திருந்தால், பிஸ்டன் மேலே வருகிற நேரத்தில் வால்வு கீழே நிற்கும். இரண்டும் மோதி வால்வு வளைந்திருக்கும். அப்படியானால் எஞ்சினின் மேல்பாகத்தையே இறக்க வேண்டும். வால்வு விற்கிற கடை திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் திறக்கும்.

கம்ப்ரஷன் பார்க்கிற மீட்டரை முதல் பிளக் ஓட்டையில் திருகினான்; வால்வு வளைந்திருந்தால் உள்ளே காற்று அமுங்காது, முள் ஏறாது. விரல் வழுக்கியது. துடைத்துவிட்டுத் திருகினான்.

“அடிங்க மச்சான்.”

முள் ஏறியது. பதினொன்று.

இரண்டாவது, பதினொன்று. மூன்றாவது, பத்தரை. நாலாவதில் முள் ஐந்தில் ஒரு விநாடி தயங்கியது. பதினொன்று.

வால்வு வளையவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் வளைந்திருந்தாலாவது கோளாறு இதுதான் என்று கை காட்டியிருக்கலாம். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டி ஓடவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது?

“எல்லாம் சரியா இருக்கு மச்சான்.”

“சரியா இருந்தா ஓடணுமே!”

“ஓடணும்.”

“எங்க ஸ்கூல்ல சில பசங்க இருக்கானுங்க,” என்றார் மச்சான் யோசனையோடு. “எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். பரீட்சையில பேனாவைத் தொட மாட்டானுங்க.”

இடைக்கதவு பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் மாதிரி வந்தது. அவன் திரும்புவதற்குள் அது இருமலாக மாறிவிட்டது.

பெல்ட் மூடியைத் திறந்தான். மேல் சக்கரத்தில் கோடு சரி, கீழ்ச் சக்கரத்தில் கோடு சரி. மூடினான். செல்ஃப் அடித்தான். ‘டப்’. மறுபடி திறந்தான். கோட்டின் மேல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பல், இரண்டு பல் என்று விரலால் எண்ணினான். எல்லாம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான். மூன்றாவது முறை திறந்தபோது ஸ்பானர் நழுவி, முட்டியில் தோல் பிய்ந்தது. ரத்தத்தைச் சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

மூன்றரை மணிக்கு பேட்டரி இறங்கிவிட்டது. செல்ஃப் முனகியது. ஓரத்தில் எஞ்சின் இல்லாமல் நிற்கும் வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்து, ஒயர் போட்டு இணைத்தான்.

மறுபடி சுற்றியது. மறுபடி ‘டப்’.

“ஓடித் தொலையேன்!” என்று பானெட்டை ஓங்கி அறைந்தான். பன்னிரண்டு வருடத்தில் அவன் ஒரு வண்டியை அடித்ததில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து நாளில் முதல் முறையாக நேராகப் பார்த்தாள். ஆனால் அந்தப் பார்வையில் இரக்கம் இருக்கிறதா, நடிப்பை எடைபோடுகிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

சுவர்க் கடிகாரத்தை அவள் பார்த்தாள்.

“அண்ணே, மணி நாலாச்சுன்னு சொல்லுங்க.”

“மாப்ளே, மணி நாலாச்சாம்,” என்றார் மச்சான்.

மெக்கானிக் மச்சானையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காலையிலும் இப்படித்தான்.

தண்டை மாட்டி, பெல்ட்டும் போட்டபிறகு டிஸ்ட்ரிபியூட்டரை இறக்க வேண்டியிருந்தது. நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற குடுவை அது. இந்தப் பட்டறையில் அது எப்போதும் இரண்டு பேர் வேலை. அவன் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே நிற்பான். அவள் கீழே ஸ்பானர் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்றுவாள். இன்னொரு கைக் கட்டைவிரலால் முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையை மூடியிருப்பாள். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கீழ்க்கோடு இரண்டு தடவை மேலே வரும். ஒரு தடவை உள்ளே காற்று அமுங்கி விரலைத் தள்ளும்; பொறி அடிக்க வேண்டிய நேரம் அதுதான். மற்றத் தடவை வெறுமே புகை போகிற நேரம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அவன் “ம்” என்பான். அவள் “காத்து” என்பாள். அவன் இறக்குவான்.

இன்று காலை அவள் ஸ்பானரைப் பிடித்ததே அண்ணன் சொன்னதற்காக. இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி மச்சான் நின்றார்.

“மச்சான், கோட்டை மேல கொண்டுவரச் சொல்லுங்க.”

“கோட்டை மேல கொண்டுவரணுமாம்மா.”

“வந்துடுச்சுன்னு சொல்லுங்கண்ணே.”

“வந்துடுச்சாம் மாப்ளே.”

அவன் இறக்கினான். அந்தப் பேச்சில் காற்று என்ற சொல் வரவேயில்லை. அவன் “ம்” சொல்லவில்லை. மச்சானிடம் போய் யாராவது “ம்” சொல்வார்களா?

இந்த ஐந்து மணி நேரமாக அவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான். பிளக்கை, பெல்ட்டை, வால்வை, தன் கையை. அவள் விரலை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இடைக்கதவை நோக்கி நடந்தான். அவளுக்கு நாலடி தூரத்தில் நின்றான்.

“காலையில காத்து வந்துச்சா?”

“காத்து வந்துச்சான்னு...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த மச்சான் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் முகம் மாறியது. வலது கைக் கட்டைவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க கோடுதானே கேட்டீங்க?”

“ஆமா. கோடுதான் கேட்டேன்.”

“விரல் வைக்கல.” “நீங்க ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்துப்பீங்கன்னு... நான் கோட்டை மட்டும் கொண்டுவந்தேன்.”

“என்ன காத்து? என்ன விரல்? யாராவது எனக்குச் சொல்லுங்களேன்,” என்றார் மச்சான்.

அவள் எழுந்துவிட்டாள். “நான் வேணும்னு பண்ணல. ஐயோ, நான் போகணும்னு துடிச்சிட்டிருக்கேன், நான் போய்...”

“தெரியும்.”

“சத்தியமா வேணும்னு...”

“அதான் தெரியும்னு சொல்றேன்ல. வா, வந்து சுத்து.”

புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். முதல் பிளக்கை அவன் கழற்றினான். அவள் விரலை வைத்து, ஸ்பானரை அழுத்தினாள். குடுவையின் மூடியை அவன் கழற்றியதும் உள்ளே பொறியைப் பங்கிடுகிற முள் தெரிந்தது.

“ம்,” என்றான்.

ஒரு நொடி. இரண்டு நொடி. விரலிடுக்கில் ‘உஸ்’ என்று சீறியது.

“காத்து.” கோட்டைப் பார்த்துக் கொஞ்சம் சுற்றினாள். “வந்துடுச்சு.”

முதல் பிளக்கைப் பார்க்க வேண்டிய முள், நேர் எதிர்ப்பக்கம் திரும்பி நாலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரைச் சுற்றுத் தப்பு. இவ்வளவு நேரமாகப் பொறி ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அடித்திருக்கிறது.

குடுவையைத் தூக்கி, அரைச் சுற்றுத் திருப்பி இறக்கினான். மூடினான். பிளக்கையும் ஒயர்களையும் மாட்டினான். மணி நாலு இருபது.

“அடிங்க மச்சான்.”

மச்சான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அரைச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது. குபீரென்று பிடித்து உறுமியது. பட்டறை முழுக்கப் புகை. “அட! அட! அட!” என்று காருக்குள்ளிருந்து மச்சான் கத்தினார். நிம்மதியில் கை தானாகச் சாவிக்குப் போய்விட்டது.

“அணைக்காதீங்க!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

புதுத் தண்டுக்கு ஒரு நியதி உண்டு. முதல் இருபது நிமிடம் எஞ்சினை நிறுத்தவும் கூடாது, தாழ்ந்து ஓடவும் விடக் கூடாது. மேடெல்லாம் எண்ணெய் குடித்துப் பழக வேண்டும். இல்லாவிட்டால் புதுசும் பழசு மாதிரித் தேய்ந்துவிடும். அவன் கார்புரேட்டரின் ஆக்ஸிலரேட்டர் ஒயரை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவள் எதிர்ப்பக்கம் நின்று எண்ணெய் எங்காவது கசிகிறதா என்று பார்த்தாள். மச்சான் கைகால் கழுவக் கிளம்பினார். போகிற போக்கில் திரும்பி இருவரையும் பார்த்துவிட்டு, கழுவ ஒரு பக்கெட் தண்ணீர் போதாது போல உள்ளேயே இருந்துவிட்டார்.

சத்தத்துக்கு நடுவில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“நான் பண்ணலைன்னு எப்படி உடனே நம்புனீங்க?” என்று கத்தினாள்.

“நீ பண்ண மாட்ட!”

அவள் அவனைப் பார்த்தாள். “நான் உங்களைப் பத்தி அப்படிச் சொல்ல முடியலையே! காலையிலேர்ந்து முயற்சி பண்றேன். வாய் வரல!”

ஒயர் அவன் விரலை அறுத்தது. பிடியை விடவில்லை.

“நீ போயிட்டா...” என்று ஆரம்பித்தான்.

“கேக்கல!”

“நீ போயிட்டா என்ன பண்றதுன்னு தெரியலை!”

“பட்டறைக்கு ஆள் வேணும்னா வாசல்ல போர்டு போட்டிருக்கலாம்!”

“பட்டறைக்கு இல்ல!”

“அப்ப அதைச் சொல்லியிருக்கணும்!” அவள் கண் கலங்கியது; அது புகையாகவும் இருக்கலாம். “போகாதேன்னு ஒரு வார்த்தை. சண்டை போட்டிருப்பேன். போயிருப்பேன், இல்ல போகாம இருந்திருப்பேன். அது என் முடிவா இருந்திருக்கும். நீங்க கேக்கவே இல்லையே! எனக்குப் பதிலா நீங்களே பதில் எழுதிட்டீங்க!”

“தப்புதான்.”

“என்ன?”

“தப்புதான்னேன்!”

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. அவள் கசிவு பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். எஞ்சின் மட்டும் ஒரே சீராகப் பாடிக்கொண்டிருந்தது. டிக் சத்தம் மருந்துக்கும் இல்லை.

நாலு நாற்பதுக்கு ஒயரை விட்டான். எஞ்சின் தணிந்து, பூனை உறங்குகிற மாதிரி ஓடியது.

பெட்டிகளை அவன்தான் தூக்கி வைத்தான். மச்சான் வண்டியில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, சீட் பெல்ட்டை மாட்டி, அதற்கப்புறம் சொன்னார்: “மாப்ளே, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.”

“இல்ல மச்சான். ஒண்ணே ஒண்ணு. ஐநூறு கிலோமீட்டர் ஆனதும் டாப்பெட்ல வால்வு இடைவெளி பாக்கணும். புதுத் தண்டு, உட்காரும்போது மாறும். விட்டுட்டா மறுபடி சத்தம் வரும்.”

“எங்க ஊர்ல மெக்கானிக் இல்லாமயா?”

“இருப்பாங்க,” என்றான்.

அவள் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஜன்னலை இறக்கினாள்.

“ஐநூறு ஆனதும் நான் போன் பண்றேன்,” என்றாள் அவனிடமே. “உங்களுக்கா, வேற மெக்கானிக்குக்கான்னு இப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டுப் போக மாட்டேன்.”

அவன் தலையசைத்தான். கார் தெருமுனை திரும்பியது. முதல் கியர், இரண்டு, மூன்று. காதிலிருந்து மறைகிற வரை நின்று கேட்டான். ஒரு குறையும் இல்லை.

பட்டறைக்குள் வந்து தேய்ந்த தண்டை ஓரமாக நகர்த்திவிட்டு, சாக்பீஸால் மேஜையில் கணக்குப் போட்டான். அந்த ஊருக்கு நானூற்று இருபது. மிச்சம் எண்பது. மச்சான் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எட்டுக் கிலோமீட்டர், அந்த வழியில்தான் ஆலையும். தங்கையை இறக்கிவிட்டுத் தானும் போவார். போக எட்டு, வர எட்டு. நாளைக்குப் பதினாறு. எண்பதைப் பதினாறால் வகுத்தான்.

ஐந்து நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அதுவரை போன் வராது. வராவிட்டால் கவலைப்படவும் வேண்டாம். சனிக்கிழமை காலையிலும் வராவிட்டால்தான்.